பலகைச் சுவருக்கு வெளியே

வானொலி நிலையத்தில் அவளுக்கு ‘ஏழரை’ என்று பெயர். தினமும் காலை ஏழரை மணிக்குப் பாடுகிறவள் என்பதால் வந்த பெயர். ஆனாலும் ஏழரை என்றதும் சனியை நினைத்துக்கொள்கிற கூட்டம், அதைச் சொல்லும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பையும் ஒட்டவைத்தே சொன்னது. அவள் கோபித்துக்கொண்டதில்லை. எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிற கிரகத்துக்கு நம் வீட்டு விலாசம் எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். அதே கூட்டம்தான் காலையில் அவள் குரலைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டது.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் அவள். உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் தொத்திக்கொள்வாள். தன் முறை வரும்வரை தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். போகிற வழியில் ஒவ்வொரு கதவையும் விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். பாடும்போதும் கால் சும்மா இராது. ஒரு நாள் பாடும் அறையின் மரத்தரை அவள் செருப்புக்குக் கிறீச்சிட, கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருந்த ஒலிப் பொறியாளர் தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு பாடினாள்.

பிறந்து வளர்ந்தது துணி மில்லின் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா அவளுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். அம்மா தறிக்கூடத்தில் நான்கு தறிகளுக்கு நடுவே நின்றவள். தறி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் அங்கே பெண்கள் உதட்டால் பேசினார்கள், கண்ணால் கேட்டார்கள். உதட்டை நன்றாக விரித்து, குவித்து, ஒரு சத்தமும் இல்லாமல் கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஊர்வம்பு முழுவதும் போய்ச் சேரும். மேஸ்திரியைப் பற்றி அவன் முகத்துக்கு எதிரேயே என்ன வேண்டுமானாலும் பேசலாம். அவனுக்கு அந்தப் படிப்பு இல்லை. சில வருஷங்களில் தறியின் இரைச்சல் காதைத் தின்றுவிடும். பிறகு வீட்டிலும் அதே ஊமைப் பேச்சுதான். வெளியில் இருந்தவர்கள் அவர்கள் தெருவுக்குச் செவிட்டுத் தெரு என்று பெயர் வைத்தார்கள். காதைத் தின்றது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

பாட்டுக்காரியாக வளர்ந்த பெண், வீட்டில் குரல் இல்லாமல் உதட்டை அசைத்துப் பேசியே வளர்ந்தாள். அவள் வாயைத் திறந்து பாட ஆரம்பித்தபோது அம்மாவுக்குக் காது முழுதாகப் போயிருந்தது.

ஒன்பது வயதில் அவளுக்கு அம்மை வந்தது. அம்மை குத்துகிறவர் அதிகாரிகள் வீட்டு வரிசையை முடித்துக்கொண்டு தொழிலாளர் வரிசையின் தலைமாட்டுக்கு வரும்போது மருந்து தீர்ந்துபோயிற்று. அந்த வரிசையில் சிலர் செத்தார்கள். பிழைத்தவர்களின் முகத்தில் பள்ளம் விழுந்தது. எல்லாம் விதி என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் அம்மா கேட்ட கேள்வி இன்றைக்கும் அந்தத் தெருவில் உலவுகிறது.

“விதி வர்றதா இருந்தா பெரிய தெரு வழியாத்தானே வரணும்? அங்க ஒருத்தர் வீட்டுக்குள்ளயும் நுழையாம, நம்ம வரிசைக்கு மட்டும் அதுக்கு வழி சொன்னது யாரு?”

வானொலி அவளைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் யாருடைய நல்ல மனமும் அல்ல. தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் தங்கள் மச்சினிகளையும் மருமகள்களையும் பாடகிகளாக்கிக்கொண்டே போனதில் ஊரே நாறிவிட்டது. நாற்றத்தை மூட ஒரு ஏற்பாடு செய்தார்கள்: பாடுகிறவள் ஒரு அறையில், கேட்கிறவர்கள் இன்னொரு அறையில். நடுவே சுவர். பெயர் கிடையாது, எண் மட்டும். ஒலிபெருக்கியில் வருகிற குரலுக்குத்தான் மதிப்பெண். அந்தச் சுவர்தான் அவளைக் காப்பாற்றியது. முடிவு தெரிந்து அவளை உள்ளே கூப்பிட்டபோது, குழுவின் தலைவர் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்து, “பாடின பொண்ணு எங்கம்மா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி பிறகு பழகிவிட்டது. ஒரு முறை நிலையத்தின் வாசலில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் காத்திருந்தார். ஏழரை மணிக்குப் பாடுகிற அம்மாவை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று அவளிடமே சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தாள். கனவைக் கலைக்க மனம் வரவில்லை.

“அவங்க இன்னைக்கு லீவுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வேலையில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. மூச்சு வாங்குவது ஒலிவாங்கியில் விழாதபடி தலையை வலப்பக்கம் திருப்பி வாங்குவாள். மேல் சுரத்துக்குப் போகும்போது அரை அடி பின்னால் போவாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாடம் இருந்தது: ஒலிபரப்பில் மௌனம் விழக் கூடாது. மௌனம் விழுந்தால் ஊரில் எல்லாரும் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள், மேலிடத்திலிருந்து தொலைபேசி வரும், யாருக்காவது வேலை போகும். அதற்காகவே ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். ஒல்லியாக, நீளமாக, எப்போதும் ஒரு கையைத் தூக்கியபடி நிற்பார். அவருக்குக் கைகாட்டி என்று பெயர். சுட்டுவிரலைச் சுழற்றினால் ‘முடி’. இரண்டு கைகளையும் ரப்பரை இழுப்பதுபோல விரித்தால் ‘இழு’. அடுத்த நிகழ்ச்சிக்காரர் இன்னும் வரவில்லை, பாட்டை நீட்டு என்று பொருள். கை விரிந்ததும் அவள் யோசிக்காமல் பல்லவிக்குத் திரும்பிவிடுவாள். கைகாட்டியின் கைக்கும் அவள் தொண்டைக்கும் நடுவே மூளை என்ற ஒன்று வேலை செய்யாத அளவுக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம்.

இவ்வளவும் அம்மாவுக்குப் போய்ச் சேரவில்லை. காலையில் தெருவெங்கும் மகளின் குரல் ஒலிக்கும்போது அம்மா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பாள். சில நாள் வானொலிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். சூடாக இருக்கிறது, மில்லில் மோட்டார்கூட இப்படித்தான் இருக்கும் என்பாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு, இனிமேல் பாட்டைப் பார்க்கலாம் என்று செய்தி வந்தால் எப்படி இருக்கும்? நிலையத்துக்குப் பின்னால் புதுக் கட்டடம் எழுந்தது. தொலைக்காட்சி வந்தது. முதல் மாதமே அவளையும் பாடக் கூப்பிட்டார்கள். அவள் அன்று வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினாள். மூச்சிரைக்க அம்மாவின் முன்னால் நின்று உதட்டை விரித்துச் சொன்னாள், நீ என்னைப் பார்க்கப் போகிறாய் என்று. அம்மா உடனே பெட்டியிலிருந்து நல்ல உடுப்பை எடுத்து உதறினாள். தொழிற்சங்க மண்டபத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. முன் பெஞ்சு முழுவதையும் பழைய தறிக்கூடத்துத் தோழிகளுக்குப் பிடித்துவைத்தாள்.

ஆனால் நிலைய இயக்குநரின் அறைக்குள் நடந்தது வேறு. அவர் கெட்ட மனிதர் அல்ல. கெட்ட காரியத்தை இதமாகச் செய்யத் தெரிந்தவர்.

“உங்க குரல் நிலையத்தோட சொத்தும்மா. அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா இந்தப் பெட்டிக்கு முகராசின்னு ஒண்ணு வேணும். விளக்கு அடிச்சா ஒவ்வொரு பள்ளமும் தெரியும். ஜனங்க சாப்பிட்டுக்கிட்டே பாப்பாங்க, யோசிச்சுப் பாருங்க.”

முகராசி. அம்மைப் பள்ளத்துக்கும் ராசிக்கும் என்ன சம்பந்தம்? தீர்ந்துபோன மருந்துக்கு ராசி என்று பெயர் வைத்துவிட்டால், அதைத் தீரவிட்டவர்கள் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு இதெல்லாம் அங்கேயே நாக்கின் நுனிவரை வந்தது. மறுத்தால் ஏழரை மணியும் போகலாம் என்ற நினைப்பும் கூடவே வந்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டாள்.

ஏற்பாடு இதுதான். தட்டச்சுப் பிரிவில் வேலைபார்த்த ஒரு பெண், பார்க்க லட்சணமானவள், கேமராவுக்கு முன்னால் நின்று வாயசைப்பாள். நிலாவும் கொடியும் வரைந்த ஓர் ஒட்டுப்பலகைச் சுவருக்குப் பின்னால் ஏழரை நின்று பாடுவாள். ஒவ்வொரு அடி தொடங்கும்போதும் பலகையில் விரலால் ஒரு தட்டு; அதை வைத்து முன்னால் நிற்பவள் வாயைத் திறப்பாள். தட்டச்சுப் பெண்ணுக்கும் இதில் சந்தோஷம் இல்லை. “எனக்கு ஒரே கூச்சமா இருக்குக்கா” என்று பலகையின் இடுக்கு வழியாகச் சொன்னாள். மேலிடத்து உத்தரவு, அவள் வேலையும் புதுசு.

முதல் நிகழ்ச்சி அன்று மண்டபத்தில் முன் பெஞ்சு ஒன்றும் தெரியாமல் காத்திருந்தது. அழகான ஒரு பெண் வந்து நின்று வாயை அசைத்தாள். காது கேட்கிறவர்கள் சொக்கிப்போனார்கள். முன் பெஞ்சில் முதலில் குழப்பம், பிறகு சிரிப்பு. வாயைப் படித்தே வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்த உதடுகளில் பாதிச் சொல்தான் இருந்தது. மீதி நேரம் தொட்டி மீன்போலத் திறந்து மூடியது. ஒருத்தி அம்மாவின் தொடையைத் தட்டி, உன் மகள் முகத்தை எங்கே விட்டுவிட்டு வந்தாள் என்று கேட்டாளாம்.

அன்று வீட்டுக்கு வந்த மகளை அம்மா திட்டவில்லை. நல்ல உடுப்பைத் திரும்பப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“நீ பாடும்போது சொல்லு. வர்றேன்” என்றாள்.

அவ்வளவுதான். அந்தச் சொல் முள்ளாய்த் தைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் நடை இன்னும் வேகமாயிற்று. நிலையத்தின் தாழ்வாரம் போதாமல் மாடிப்படிகளில் ஏறி இறங்கினாள். இரவில் கட்டிலின் சட்டத்தை விரலால் தட்டினாள். ஒரு முறை, ஒரே ஒரு முறை, தூரத்திலிருந்து எடுத்தாலும் போதும் என்று இயக்குநரிடம் கேட்டுப் பார்த்தாள். எதற்கு என்றார். அம்மாவுக்குக் காது கேட்காது என்றாள். அவர் மனம் உருகி, வீட்டுக்குப் போனதும் அம்மாவை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

ஒரு வருஷம் இப்படியே போயிற்று. தொலைக்காட்சியின் ஆண்டு விழா வந்தது. நேரடி ஒளிபரப்பு. முதலில் பாட்டு, பிறகு ஒளிபரப்பு வாரியத் தலைவரின் உரை. அந்த வாரியத் தலைவர்தான் மில்லிலும் பங்குதாரர். ஊர் பெரிதாக இருந்தாலும் பெரிய நாற்காலிகளில் மாறிமாறி உட்காருகிறவர்கள் எப்போதும் அந்த நாலு பேர்தானே. மேடையில் அவர் பேசுவது போகட்டும், பேசுவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவனிடம் என்ன முணுமுணுக்கிறார் என்று படிக்கலாம் என்ற ஆசையில் தறிக்கூடத்துப் பெண்கள் முன் பெஞ்சுக்குத் திரும்பினார்கள். அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மகளுக்கு இது தெரியும். நல்ல உடுப்பு பெட்டியிலேயே இருந்ததையும் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பலகைச் சுவரின் பின்னால் வெறுங்காலோடு நின்று பாடினாள். தட்டு, அடி, தட்டு, அடி. முன்னால் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பக்கவாட்டில் நின்ற கைகாட்டியை மட்டும் பார்க்க முடியும். பாட்டு முடிந்தது. ஒத்திகையில் செய்தபடியே தட்டச்சுப் பெண் வாயை மூடி, புன்னகைத்து, தலைதாழ்த்தி வணங்கினாள்.

அதே நேரத்தில் ஒப்பனை அறையில் வாரியத் தலைவருக்குப் பவுடர் போதவில்லை. ஒரு முறை போட்டார்கள், வழுக்கை பளபளத்தது. துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஓடிவந்து கைகாட்டியின் காதில் சொன்னார்கள். அவருக்கு வேர்த்தது. மௌனம் விழப்போகிறது. பதினெட்டு வருஷமாக அவர் கைகள் என்ன செய்தனவோ அதையே செய்தன. பாடுகிறவளைப் பார்த்து ரப்பரை இழுத்தன.

கை விரிந்தது, தொண்டை திறந்தது. அவள் பல்லவிக்குத் திரும்பிவிட்டாள். பலகையைத் தட்டவில்லை. இழுக்கச் சொன்னால் தட்ட வேண்டும் என்று யாரும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

ஊர் முழுவதும் பார்த்தது: வாயை மூடிக்கொண்டு சிரித்தபடி நிற்கிற ஒரு பெண்ணிடமிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது.

“அக்கா, நான் முடிச்சுட்டேன்க்கா” என்று பலகையின் இடுக்கு வழியாக அழுகிற குரல் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கைகாட்டியைப் பார்த்தாள். விரித்த கைகளை மடக்கவும் தெரியாமல், கொலை செய்துவிட்டவர்போல நின்றார். நிறுத்தினால் மௌனம். தொடர்ந்தால் பொய். பல்லவியின் முதல் அடி முடிவதற்குள் தீர்மானிக்க வேண்டும். காலோ எந்த நாளும் நிற்கத் தெரியாத கால்.

ஒலிவாங்கியின் தாங்கியைப் பிடித்துக்கொண்டு, பாடியபடியே நடந்தாள்.

சுவரின் விளிம்புவரை வந்தாள். வெளிச்சம் இடது கன்னத்தில் அடித்தது. இன்னும் ஒரு அடி வைத்தாள், ஒலிவாங்கி வரவில்லை. ஒயர் பலகையின் காலில் சிக்கிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் நீளவில்லை. அப்படியே நின்றாள். பாதி முகம் நிலாவும் கொடியும் வரைந்த பலகைக்குப் பின்னால், பாதி முகம் வெளியே. கேமராக்காரர் யாரையும் கேட்கவில்லை. சத்தம் வருகிற பக்கம் தலை திரும்புவதுபோல, அவள் விளிம்புக்கு வந்ததுமே கேமராவைத் திருப்பிவிட்டார். பல்லவியை முழுதாகப் பாடி முடித்தாள். மூச்சு வாங்கப் பழக்கப்படி வலப்பக்கம் திரும்பியபோதெல்லாம் முகம் பலகைக்குள் மறைந்து மறைந்து வந்தது. பிறகு பவுடர் பூசி முடித்த வாரியத் தலைவர் வந்தார்.

இயக்குநரின் அறையில் அன்று இதம் இல்லை. வேண்டுமென்றே நிகழ்ச்சியைக் குலைத்தேன், மன்னிக்க வேண்டும் என்று காலைக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கட்டடத்திலும் இடமில்லை, அந்தக் கட்டடத்திலும் இடமில்லை. கைகாட்டி பக்கத்தில் நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘இழு’ என்று காட்டியது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைகாட்டி மரம் வழி காட்டும், கூட வராது.

வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்தே இருந்தது. அம்மா விளக்குக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மகள் முகத்தில் வெளிச்சம் விழும்படி அவள் எப்போதும் அப்படித்தான் உட்காருவாள். தன் வேலை போகப்போகிறது என்று மகள் சொல்ல வாயெடுத்தாள். அம்மா கையமர்த்தினாள்.

“பாதி வாய்தான் தெரிஞ்சுது” என்றாள். “மீதியை நானே போட்டுக்கிட்டேன்.”

மகள் அப்படியே நின்றாள். வாழ்க்கையில் முதல் முறையாகக் கால் நின்றது.

“ஏண்டி, அந்த ரெண்டாவது வரியில கடைசிச் சொல்லை முழுங்கிட்டியே, ஏன்? பெஞ்சுல எல்லாரும் கேட்டாளுங்க. என்ன சொல்லுன்னு எனக்குத் தெரியல. மானம் போச்சு.”

ஒயரை இழுத்துப் பார்த்த இடம் அது. இவள் சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்தது. அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்த வரியை உதட்டால், குரல் இல்லாமல், ஒவ்வொரு சொல்லாகப் பாடிக் காட்டினாள். அம்மா தலையாட்டினாள். திருப்பிப் பாடச் சொன்னாள். பிறகு முதலிலிருந்து முழுதாகப் பாடச் சொன்னாள்.

காலையில் இயக்குநர் காகிதத்தை மேசைமேல் தயாராக வைத்திருந்தார். அவள் உட்காரவில்லை.

“குலைச்சது நான் இல்ல சார். இழுன்னு கை காட்டினாங்க, இழுத்தேன். மன்னிப்புன்னு கேட்டா ஒண்ணே ஒண்ணுக்குத்தான் கேக்கணும். அந்தப் பலகைக்குப் பின்னால போய் நின்னேனே, அதுக்கு. அதைக் கேக்க வேண்டியவங்ககிட்ட நேத்தே கேட்டாச்சு.”

சொல்லிவிட்டு வந்து தாழ்வாரத்தில் நடக்கத் தொடங்கினாள். ஏழரை மணிக்கு அவளுக்குப் பதில் இசைத்தட்டு போட்டார்கள். தட்டச்சுப் பெண் அன்றே, இனி வாயசைக்க மாட்டேன், தட்டச்சு மட்டும்தான் அடிப்பேன் என்று சொல்லிவிட்டாள். அந்த வாரம் முழுவதும் கேட்டவர்கள் நிலையத்தின் தொலைபேசியை ஓயவிடவில்லை. ஏழரை எங்கே, ஏழரைக்கு என்ன ஆயிற்று என்று சிரிப்பை ஒட்டவைக்காமல் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் வானொலியில் அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தொலைக்காட்சிக் கட்டடத்தின் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று உத்தரவு. நீதி அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம்தான் நடந்துவரும். அதற்கும் ஒயர் குட்டை.

அந்த இயக்குநர் ஓய்வுபெற்றுப் போன பிறகுதான் அடுத்தவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். பழைய கதை எல்லாம் கேள்விப்பட்டிருந்தார். கேமராவுக்கு முன்னால் நின்று நீங்களே பாடலாம், பலகை கிலகை ஒன்றும் கிடையாது என்றார். ஏதாவது நிபந்தனை உண்டா என்று மரியாதையாகக் கேட்டார்.

அவள் அதற்குள் எழுந்து அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

“மூச்சு வாங்க இனிமே தலையைத் திருப்ப மாட்டேன். சத்தம் கேட்டா கேக்கட்டும். பாக்கறவங்களுக்கு வாய் மறையக் கூடாது” என்றாள். “அப்புறம், ஒயர் எவ்வளவு நீளம்?”